பர்லியார் வளைவில் நின்ற கார்

அந்தக் காரின் சூடு காட்டும் முள்ளை நான் வெறுத்த அளவுக்கு என் வாழ்நாளில் வேறெந்தப் பொருளையும் வெறுத்ததில்லை. ஸ்டீயரிங்குக்குப் பின்னால் ஒரு சின்ன வட்டக் கண்ணாடி. அதற்குள் தீக்குச்சி நீளம்கூட இல்லாத ஒரு வெள்ளை முள். கோயமுத்தூரிலிருந்து மேட்டுப்பாளையம் வரைக்கும் அது நடுவில் அசையாமல் நிற்கும். கல்லாற்றுப் பாக்குத் தோப்புகளுக்குள் ரோடு நுழையும்போதும் நிற்கும். மலை தொடங்கி மூன்றாவது வளைவு திரும்பியதும், யாரோ உள்ளேயிருந்து விரலால் தள்ளுவதுபோல மெல்ல நகர ஆரம்பிக்கும். பர்லியார் வருவதற்குள் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிடும். பிறகு பானெட் இடுக்கில் ஆவி, காய்ந்த ரப்பர் வாசனை, பக்கத்து இருக்கையிலிருந்து மாமாவின் குரல். "நிறுத்து அம்மணி, நிறுத்து! ஆஃப் பண்ணு, ஆஃப் பண்ணு!"

மாமா என்றது என் மாமனாரை. குன்னூருக்குப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் பாய்லர் பிரிவில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நீராவியைப் பற்றி அவருக்கு யாரும் எதுவும் சொல்லிவிட முடியாது. கார் அவருடையது. வாங்கும்போதே பழையது. என் கல்யாணத்துக்கு முன்பே அதற்கு இரண்டு முறை பெயின்ட் அடித்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு ஸ்பேனரும் துணியுமாக அவர் நிற்பதைப் பார்த்தால், வீட்டில் எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்று அர்த்தம். கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு இடது கண்ணில் பார்வை சரியாகத் திரும்பவில்லை. அதனால் ஓட்டுவதை நிறுத்தினார். ஓட்டுவதை மட்டும்தான் நிறுத்தினார். முன் இருக்கையில் உட்கார்ந்து, கியர் மாற்றுவது முதல் ஹாரன் அடிப்பது வரை எல்லாவற்றையும் அவரே சொல்வார். என் கைகளும் கால்களும் அவர் சொல்வதைச் செய்ய வேண்டும்.

அப்போது என் கணவர் மஸ்கட்டில் இருந்தார். நான் ஒரு தேயிலைக் கம்பெனி அலுவலகத்தில் கிளார்க். அந்தக் கோடைக்கு முந்தைய குளிர்காலத்தில்தான் அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, இரண்டு சிறுநீரகங்களும் கெட்டுவிட்டன என்று தெரிந்தது. வாரம் இரண்டு நாள், புதனும் சனியும், குன்னூரிலிருந்து கோயமுத்தூர் போய் டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். விடியும்போதே கிளம்பினால் எட்டு மணிக்குப் படுக்கை கிடைக்கும். நாலு மணி நேரம் ரத்தம் வெளியே போய்ச் சுத்தமாகித் திரும்பும். பகல் ஒரு மணி வாக்கில் அத்தையைக் கைத்தாங்கலாகப் பின் இருக்கையில் உட்கார வைத்து மலையேற ஆரம்பிப்போம். சித்திரை மாத வெயிலில், பகல் இரண்டு மணிக்கு, கல்லாறு.

பஸ்ஸில் போகலாமே என்று நான் முதல் வாரமே சொன்னேன். சீசன் கூட்டத்தில் பஸ்ஸில் நிற்க இடம் கிடைத்தாலே பெரிய விஷயம். சிகிச்சை முடிந்து கால் இழுத்துப் பிடித்துக்கொண்டு வருகிற அத்தையை அதில் ஏற்ற முடியாது. அது எனக்கே தெரிந்ததுதான். வாடகைக் கார் வைத்துக்கொள்ளலாம் என்றேன். மாமா என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "என்ற வண்டி ஊட்டு வாசல்ல நிக்கறப்ப வாடக வண்டி எதுக்கு?" அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

முதல் முறை நின்றபோது அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. பழைய வண்டி, வெயில், ஏற்றம். ரோட்டோரம் ஒதுக்கி, பானெட்டைத் திறந்து, ஈரச் சாக்கை ரேடியேட்டர் மேல் போட்டு, முக்கால் மணி நேரம் காத்திருந்து, மூடியைத் துணியால் பிடித்துத் திறந்து தண்ணீர் ஊற்றினோம். கிளம்பி வீடு வந்து சேர்ந்தோம். இரண்டாவது முறையும் அப்படியே. நாலாவது முறைக்குள் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டாகிவிட்டது. பின்னால் இரண்டு பிளாஸ்டிக் கேன்களில் தண்ணீர், அத்தைக்கு ஒரு தலையணை, ஒரு பனையோலை விசிறி, குரங்குகளை விரட்ட ஒரு குச்சி. பர்லியாரில் பழக்கடை வைத்திருந்த அம்மாள் எங்கள் காரைப் பார்த்ததும் ஒரு ஸ்டூலை எடுத்துக் கொண்டுவந்து போடப் பழகிவிட்டாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அழுகை வரும். உதவி செய்கிறாளே என்று அல்ல. இன்றைக்கும் நிற்போம் என்று அவளுக்கே தெரிந்துவிட்டதே என்று.

வண்டியைக் காட்டாத இடமில்லை. குன்னூரில் எங்கள் வீட்டுக்கு வழக்கமாக வேலை செய்த மெக்கானிக் அண்ணன் முதலில் பார்த்தார். தண்ணீரின் சூட்டைப் பொறுத்துத் திறந்து மூடும் வால்வு ஒன்று உண்டு. அதைக் கழற்றி, கொதிக்கிற தண்ணீரில் போட்டு, திறக்கிறதா என்று பார்த்தார். திறந்தது. ஆனாலும் சந்தேகம் வேண்டாம் என்று எடுத்தே போட்டுவிட்டார். ஃபேன் பெல்ட் மாற்றினார். பக்கத்திலிருக்கும் வெலிங்டன் வரை ஓட்டிப் பார்த்தார், முள் பாதியைத் தாண்டவில்லை. "நல்லாத்தான இருக்குதுங்க" என்றார். குன்னூர்க் குளிரில் எந்த வண்டியும் நல்லாத்தான் இருக்கும். அடுத்த சனிக்கிழமை அதே வளைவில் நின்றோம்.

மேட்டுப்பாளையத்தில் ரேடியேட்டர் மட்டும் பார்க்கிற ஒரு கடையில் அதைக் கழற்றி, குழல்களுக்குள் கம்பி விட்டுக் குத்திச் சுத்தம் செய்து, ஓட்டை இருக்கிறதா என்று தொட்டியில் அமுக்கிப் பார்த்து மாட்டினார்கள். அடுத்த புதன்கிழமை நின்றோம். கோயமுத்தூரில் பெரிய பட்டறை ஒன்றில், அத்தை படுக்கையில் கிடந்த நாலு மணி நேரமும் வண்டியை விட்டுவைத்தோம். எஞ்சினின் தலைப்பகுதியில் இருக்கும் கேஸ்கட் போயிருக்குமோ என்று பார்த்தார்கள். போகவில்லை. தண்ணீர் பம்ப் சுற்றுகிறது என்றார்கள். அவினாசி ரோட்டில் வேகமாக ஓட்டிப் பார்த்து, குறை ஒன்றும் இல்லை என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தார்கள். அன்றைக்குப் பர்லியார்கூட வரவில்லை, அதற்கு முந்தைய வளைவிலேயே நின்றோம். கேனில் இருந்த தண்ணீர் தீர்ந்து, நான் கீழே ஓடைக்கு இறங்கிப் புடவையெல்லாம் சேறாக்கிக்கொண்டு ஏறி வந்தேன். மாமா ரோட்டைப் பார்த்தபடி, "செகண்ட்லயே இழுக்கோணும்னு சொன்னேன். நீ மூணுக்குப் போட்டே. எஞ்சினை அமுக்குனா சூடாகாம என்ன பண்ணும்?" என்றார். கேனைக் கீழே வைக்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது இன்னும் நினைவிருக்கிறது.

அவர் சொன்னபடிதான் நான் ஓட்டினேன். மலையில் இரண்டாவது கியர், எஞ்சின் ஒரே சீராக உறுமிக்கொண்டே இருக்க வேண்டும், திணறவே கூடாது. அது அவர் சட்டம். திணறும் எஞ்சின்தான் சூடாகும் என்று அவர் நம்பினார். அதில் தப்பும் இல்லை. நல்ல வண்டியாக இருந்தால் அது சரியான பேச்சுதான்.

அந்த வாரங்களில் ஒரு நாள், எங்களுக்கு முன்னால் பைப் ஏற்றிய ஒரு லாரி மாட்டிக்கொண்டது. முந்த இடமில்லை. அடிவாரத்திலிருந்து, குன்னூருக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கும் காட்டேரி வரை அதன் பின்னாலேயே ஊர்ந்தோம். என் முதுகெல்லாம் வியர்வை. இன்றைக்குக் கொதித்துச் செத்தோம் என்று நினைத்தேன். அன்றைக்கு நிற்கவில்லை. முள் முக்காலுக்குப் போய் அங்கேயே இருந்தது. வீட்டில் இறங்கும்போது அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சொன்னார். "அம்மணி, வண்டி மெதுவாப் போனா ஒண்ணும் ஆகறதில்ல. கத்த வுட்டாத்தான் சூடாகுது. நான் பின்னால உக்காந்து பாத்துட்டேதான் வர்றேன்."

மாமா சாவியை வாங்கிக்கொண்டே சிரித்தார். "வண்டியப் பத்தி உனக்கென்ன தெரியும்? இன்னிக்கு மேகம் போட்டிருந்துது, அதான்." நானும் சிரித்தேன். களைப்பில், எதையாவது சொல்லி இந்த நாளை முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில், "ஆமாங்க அத்தை, இன்னிக்கு வெயில் கொஞ்சம் கம்மிதான்" என்றேன். அன்றைக்கு மேகம் இல்லை. எனக்கு நன்றாகத் தெரியும். அத்தை படியேறிப் போய்விட்டார்.

அதற்கு அடுத்த நாள் மாமா ஒரு காரியம் செய்தார். குன்னூர் மெக்கானிக் கடைக்குப் போய், நாலு வாடிக்கையாளர்கள் நிற்கும்போது, "புது பெல்ட்டுன்னு சொல்லிப் பழசத் தூக்கி மாட்டிட்டயா? உண்மையச் சொல்லு" என்று கேட்டுவிட்டார். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். மெக்கானிக் அண்ணன் பதினைந்து வருஷமாக எங்கள் வண்டியைப் பார்ப்பவர். அத்தைக்கு உடம்பு முடியாதபோது பழம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவர். கையிலிருந்த ஸ்பேனரைத் தரையில் போட்டார். அது உருண்டு சாக்கடை ஓரம் போய் நின்றது. "உங்க வயசுக்கு மரியாத குடுத்து ஒண்ணு சொல்றனுங்க. இனி இந்த வண்டிய என்ற கடைக்குக் கொண்டாராதீங்க." வீடு திரும்பும் வழியெல்லாம் மாமா, "குத்தமுள்ளவனுக்குத்தான் கோவம் வரும்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். எனக்கு அவரோடு ஒரே வீட்டில் சாப்பிடப் பிடிக்கவில்லை.

மே மாத நடுவில் ஒரு சனிக்கிழமை. ஆஸ்பத்திரியில் அன்றைக்கு அத்தைக்கு ரத்த அழுத்தம் ஒருமுறை இறங்கி ஏறியது. வீட்டுக்குப் போய் நன்றாகப் படுத்து ஓய்வெடுக்கட்டும் என்றார்கள். பர்லியார் தாண்டி இரண்டாவது வளைவில் நின்றோம். அங்கே நிழல் இல்லை. ரோட்டோரத்துக் கல் சுவரில் தலையணையைச் சாய்த்து அத்தையை உட்கார வைத்தேன். சுற்றுலாக் கார்கள் ஹாரன் அடித்துக்கொண்டு கடந்தன. ஒரு காரின் ஜன்னலிலிருந்து யாரோ எங்களைப் பார்த்துக் கையசைத்தார்கள். மாமா பானெட்டுக்குள் தலையை விட்டபடி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் விசிறிக்கொண்டிருந்தேன். அத்தை, "கண்ணு, எனக்கு என்னமோ பண்ணுது" என்றார். அவ்வளவுதான். சுவரிலிருந்து பக்கவாட்டில் சரிந்தார். நான் பிடிப்பதற்குள் தோள் தரையில் பட்டுவிட்டது. உதடு வெளுத்திருந்தது. கூப்பிடக் கூப்பிடப் பதில் இல்லை.

ரோட்டுக்கு நடுவில் போய் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றேன். ஊட்டிக்குப் போகும் அரசு பஸ் ஒன்று சத்தமாகப் பிரேக் போட்டு நின்றது. டிரைவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. முன் வரிசையில் இருந்த நாலு பேர் எழுந்து, அத்தையைத் தூக்கிப் படுக்க வைத்தார்கள். காரை அப்படியே விட்டுவிட்டு ஏறினோம். வழியில் எந்த நிறுத்தத்திலும் பஸ் நிற்கவில்லை. ஒருவரும் முணுமுணுக்கவில்லை. குன்னூரில் நேராக ஆஸ்பத்திரி வாசலிலேயே இறக்கிவிட்டார்கள். டாக்டர் ஊசி போட்டு, கால் பக்கம் உயர்த்திப் படுக்க வைத்து, ஒரு மணி நேரத்தில் அத்தை கண் திறந்தார். "இந்த நிலையில இருக்கறவங்கள வெயில்ல ரோட்டுல போட்டு வச்சிருந்தீங்களா?" என்று டாக்டர் கேட்டார். மாமாவைப் பார்த்துக் கேட்கவில்லை, என்னைப் பார்த்துத்தான் கேட்டார். நான்தானே டிரைவர்.

ஞாயிற்றுக்கிழமை காலை அத்தையைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு, காரை எடுத்துவர மாமாவும் நானும் பஸ்ஸில் இறங்கினோம். வண்டி அதே இடத்தில், முன் கண்ணாடி மேல் குரங்குகளின் கால் தடங்களோடு நின்றது. தண்ணீர் ஊற்றினேன். ஸ்டார்ட் ஆனது. "செகண்ட்" என்றார் மாமா. செகண்டிலேயே உறும உறும ஏறினேன். இரண்டு கிலோமீட்டர் போவதற்குள் முள் நகர்ந்துவிட்டது. மணி பதினொன்றுதான், வெயில் இன்னும் முழுசாக ஏறவில்லை. ஆள் பாரமும் குறைவு. அப்போதும் நகர்ந்தது. சிவப்புக் கோட்டுக்கு ஒரு மயிரிழை இருக்கையில் ரோட்டோரம் ஒதுக்கி நிறுத்தினேன்.

"ஆஃப் பண்ணு!"

நான் பண்ணவில்லை. திட்டமிட்டுச் செய்ததாகச் சொன்னால் பொய். முந்தின நாள் அத்தையின் தோள் தரையில் மோதிய சத்தம் என் காதுக்குள் இருந்தது. இந்த மனிதர் சொல்லும் எதையும் இனிமேல் செய்ய முடியாது என்று மட்டும் தோன்றியது.

"அம்மணி, ஆஃப் பண்ணுங்கறேன்! எஞ்சின் புடிச்சுக்கும்!"

"புடிச்சுக்கட்டுங்க மாமா. நல்லாப் புடிச்சுக்கட்டும். ஒரேயடியா ஒழியட்டும்."

அவரிடம் அப்படி நான் பேசியதே இல்லை. எஞ்சின் தன்பாட்டுக்கு மெல்ல ஓடிக்கொண்டிருந்தது. வேறு பார்க்க ஒன்றுமில்லாமல் நான் முள்ளையே பார்த்தேன். அது கீழே இறங்கிக்கொண்டிருந்தது. முதலில் நம்பவில்லை. கண்ணாடியைத் தட்டினேன். ஓடுகிற எஞ்சின், சூடான எஞ்சின், நின்ற இடத்திலேயே ஆறிக்கொண்டிருந்தது. இத்தனை வாரமும் சூடானதும் அலறியடித்து அணைத்துவிட்டோம். ஓடவிட்டுப் பார்த்ததே இல்லை. மெதுவாகப் போனால் ஒன்றும் ஆவதில்லை, கத்த விட்டால்தான் சூடாகிறது. அத்தை சொன்னது அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. ஏறியதும் முகமெல்லாம் எரிந்தது.

"மாமா, நீங்க எறங்கி பானெட்டத் தெறங்க. நான் இங்கிருந்து மிதிக்கறேன். கத்தும்போது உள்ள என்ன ஆகுதுன்னு பாருங்க."

என் குரலில் என்ன இருந்ததோ, எதிர்த்துப் பேசாமல் இறங்கிப் போனார். பானெட் எழுந்து என் கண்ணை மறைத்தது. கீழ் இடுக்கில் அவருடைய சட்டையின் ஒரு துண்டு மட்டும் தெரிந்தது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன். எஞ்சின் உறுமியது. விட்டேன். "என்னங்க மாமா?" பதில் இல்லை. மறுபடி மிதித்தேன், இந்த முறை கொஞ்ச நேரம் பிடித்து வைத்தேன். விட்டேன். பதில் இல்லை. மூன்றாம் முறை மிதித்தபோது பானெட்டுக்கு மேலே ஒரு கை உயர்ந்தது. நிறுத்து என்று காட்டியது. அவர் சுற்றி வந்து, என் பக்கக் கதவைத் திறந்து, "நீ போய்ப் பாரு. நான் மிதிக்கறேன்" என்றார்.

ரேடியேட்டரின் அடியிலிருந்து எஞ்சினுக்குத் தண்ணீர் போகும் ரப்பர் குழாய், என் மணிக்கட்டு அளவு தடிமன். எஞ்சின் மெல்ல ஓடும்போது உருண்டையாக, ஒழுங்காக இருந்தது. மாமா மிதித்தார். உறுமல் ஏற ஏற அந்தக் குழாய் கன்னம் ஒட்டிப்போவதுபோல நடுவில் ஒட்டியது. இன்னும் மிதித்தார். சப்பட்டையாகிவிட்டது. ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் போக வழியில்லை. காலை எடுத்தார். ஒரு நொடியில் மறுபடி உருண்டை. நாங்கள் எப்போது திறந்து பார்த்தாலும் உருண்டையாகத்தான் இருந்திருக்கும். குளிரில் ரப்பர் விறைப்பாக இருக்கும், குன்னூரில் எத்தனை முறை மிதித்துப் பார்த்தாலும் ஒட்டாது. அடிவாரத்து வெயிலில் இளகியபிறகு, செகண்ட் கியரில் பம்ப் வேகமாக உறிஞ்சும்போதுதான் ஒட்டும்.

எஞ்சினை அணைத்துவிட்டு மாமா இறங்கவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். நான் ஜன்னல் பக்கம் போனேன்.

"அதுக்குள்ள ஒரு ஸ்பிரிங் இருக்கும் அம்மணி. கொழாய் ஒட்டாம இருக்கறதுக்கு. போன வருசம் கொழாய் மாத்தும்போது பாத்தேன், துருப்புடிச்சு உதிர்ந்துட்டு இருந்துது. இது எதுக்குன்னு எடுத்துப் போட்டுட்டேன்."

"நீங்களா மாத்துனீங்க? மெக்கானிக் அண்ணன் கேட்டப்ப, கார்க் கம்பெனி ஆளுக போட்டதுன்னு சொன்னீங்களே?"

நான் கேட்டது சரிதான். முதல் நாளே மெக்கானிக் அண்ணன் அந்தக் குழாயைத் தொட்டுப் பார்த்து, "இது யாருங்க போட்டது?" என்று கேட்டிருந்தார். நானும் அங்கே இருந்தேன். தன் கைவேலையில் ஒருவன் குறை கண்டுபிடித்துவிடக் கூடாது என்று மாமா ஒரு சின்னப் பொய் சொன்னார். அந்தப் பொய்யை நம்பி மெக்கானிக் அண்ணன் அதை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் பார்த்தார். பன்னிரண்டு தடவை நாங்கள் ரோட்டில் நின்றோம். நான் அன்றைக்கு மாமாவைத் திட்டியிருக்க வேண்டும். திட்டாமல், அவரைப் பக்கத்து இருக்கைக்கு நகரச் சொன்னேன். மூன்றாவது கியரில், எஞ்சின் லேசாகத் திணறத் திணற, குன்னூர் வரை ஓட்டினேன். முள் முக்காலைத் தாண்டவில்லை. அவர் கியரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

வண்டியை நேராக மெக்கானிக் கடைக்கு விட்டேன். "எதுக்கு இங்க?" என்றார் மாமா. "புதுக் கொழாய் போடோணும். வேற எங்கீங்க போறது?" என்றேன். ஞாயிறு என்பதால் கடை பாதி மூடியிருந்தது. மெக்கானிக் அண்ணன் வெளியே வந்து, எங்களைப் பார்த்ததும் அப்படியே நின்றார். மாமா காரிலிருந்து இறங்க ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். மெக்கானிக் அண்ணன் முன்னால் போய் நின்று, "கீழ்க் கொழாய். ஸ்பிரிங்க நாந்தான் எடுத்துப் போட்டேன். அன்னிக்கு உன்னய அப்பிடிப் பேசுனது தப்பு" என்றார்.

மெக்கானிக் அண்ணன் சமாதானமாகிவிடுவார் என்று நினைத்தேன். ஆகவில்லை. "ஏனுங்க, யாரு போட்டதுன்னு கேட்டனா இல்லியா? அன்னிக்கே உண்மையச் சொல்லியிருந்தா அஞ்சு நிமிச வேலைங்க. அந்தம்மா ரோட்டுல மயங்கி உழுந்துட்டாங்கன்னு பஸ் டிரைவரு சொல்லி ஊரே பேசுது. எனக்கு நேத்து சோறு எறங்கலீங்க, நாம எதையோ பாக்காம வுட்டுட்டோமேன்னு." அவர் கண் கலங்கியிருந்தது. கோபத்தில்தான். மாமா தலையைக் குனிந்து நின்றார். மெக்கானிக் அண்ணன் உள்ளே போய், ஸ்பிரிங் வைத்த ஒரு குழாயைத் தேடி எடுத்துவந்து, எங்களோடு ஒரு வார்த்தை பேசாமல் மாட்டிக் கொடுத்தார். பிறகும் எங்கள் வண்டியைப் பார்த்தார். ஆனால் வீட்டுக்கு வந்து டீ குடிக்கும் பழக்கம் அத்தோடு போயிற்று.

அத்தையிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று நான் மாமாவிடம் சொன்னேன். "சொல்லி என்ன ஆகப்போகுது? சரியாயிடுச்சில்ல?" என்றார். இரண்டு நாள் இழுத்தார். நீங்கள் சொல்லாவிட்டால் நான் சொல்லிவிடுவேன் என்றதும், செவ்வாய்க்கிழமை மத்தியானம், வாசலில் வெயில் காய்ந்துகொண்டிருந்த அத்தையிடம் போய்ச் சொன்னார். நான் சமையலறை ஜன்னலில் நின்று கேட்டேன். அத்தை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்த ஸ்பிரிங் எத்தன பெருசு இருக்கும்?" என்றார். மாமா இரண்டு கைகளையும் ஒரு சாண் தூரம் விலக்கிக் காட்டினார். அத்தை அந்தக் கைகளுக்கு நடுவில் இருந்த காலி இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு முகத்தைத் திருப்பி வெயிலைப் பார்த்துக்கொண்டார். அவர் மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. ஜன்னலிலிருந்து வெளியே போய் என் பங்குக்கும் ஒன்று சொல்லியிருக்கலாம். அன்றைக்கு வெயில் கம்மி என்று சொன்னேனே, அது பொய் அத்தை என்று சொல்லியிருக்கலாம். அடுப்பில் பால் இருந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதற்குப் பிறகு அத்தை ஒன்றரை வருஷம் இருந்தார். இத்தனை வருஷம் கழித்து நான் எழுதிக்கொண்டிருக்கும் இந்த வரிதான் அன்றைக்கு நான் கேட்காத மன்னிப்பு என்று சொன்னால், அது அவருக்குப் போய்ச் சேராது.

புதன்கிழமை விடியற்காலை. மாமா வழக்கம்போல முன் கதவைத் திறந்து பிடித்தபடி, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அத்தை மெல்ல நடந்து வந்து, அவரைத் தாண்டி, அந்தத் திறந்த கதவு வழியாகவே உள்ளே ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"நீங்க பின்னால உக்காருங்க" என்றார்.

மாமா துணியைத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு பின் கதவைத் திறந்து, தண்ணீர்க் கேன்களுக்கும் தலையணைக்கும் நடுவில் இடம் பார்த்து உட்கார்ந்தார். கல்லாறு இறங்கும் வரை அத்தைதான் பேசிக்கொண்டு வந்தார். "இத்தன நாளா உங்க ரெண்டு பேரு பின்னந்தலையத்தான் பாத்துட்டு வந்தேன். ரோடே தெரியறதில்ல" என்றார். ஒரு பலாமரத்தைக் காட்டி, இது எப்போதிலிருந்து இங்கே இருக்கிறது என்று கேட்டார்.

திரும்பும்போது அதே வெயில்தான். கல்லாறு தாண்டி முதல் வளைவில், பின்னாலிருந்து, "செகண்ட்ல போடு அம்மணி" என்று குரல் வந்தது. அத்தை திரும்பாமலே, "நீங்க சும்மா வாங்க" என்றார். பழக்கடை அம்மாள் எங்களைப் பார்த்து ஸ்டூலோடு எழுந்தாள். நாங்கள் நிற்காமல் போனோம். குன்னூரில் வீட்டு வாசலில் நிறுத்தியபோது மணி மூன்றுகூட ஆகவில்லை. டயாலிசிஸ் முடிந்த நாளில் நேராகக் கட்டிலுக்குப் போகிற அத்தை, கதவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"அம்மணி, மேல கேத்தி வரைக்கும் ஒரு சுத்து போயிட்டு வரலாமா?"

"எஞ்சின் சூடா இருக்கும், இப்ப எதுக்கு?" என்றார் மாமா பின்னாலிருந்து.

"சூடெல்லாம் இல்ல. நான் பாத்துட்டுத்தான் வர்றேன்" என்றார் அத்தை.

நான் மாமாவின் பக்கம் திரும்பாமல் வண்டியை எடுத்தேன்.